கால் தளர்ந்தால் கட்டில்தானா?

நிலத்தை இழந்த குடும்பத்துக்கு எஞ்சியிருப்பது கையும் காலும்தான். அணைக்கட்டுக்காக ஊரை விட்டு எழுந்தவர்களும், மண்சரிவுக்கு அஞ்சி மலையை விட்டு இறங்கியவர்களும், யுத்தத்தால் வயலைக் கைவிட்டு வந்தவர்களும் இந்த உண்மையைப் புத்தகத்தில் படித்து அறிந்தவர்கள் அல்லர். புதிய மண்ணில் காடு வெட்டியதும், முதல் குடிசைக்கு மண் சுமந்ததும் இந்தக் கைகால்களே. ஆகவே அத்தகைய குடும்பமொன்றில் ஒருவருடைய கால் தளரத் தொடங்கினால், அது அந்த ஒருவரின் நோயாக மட்டும் நின்றுவிடுவதில்லை. தண்ணீர் கொண்டுவருவது யார், பிள்ளையைப் பாடசாலைக்கு அழைத்துச் செல்வது யார், தோட்டத்தில் களை பிடுங்குவது யார் என்ற கேள்விகள் அன்றைக்கே எழுகின்றன.

எனக்கு உறவான ஒரு பெண்ணுக்கு வயது முப்பத்துநான்கு. முதலில் ஒரு கண் சில வாரம் மங்கலாகத் தெரிந்தது. பின்னர் தானாகவே தெளிந்தது. அடுத்த ஆண்டு இடது பாதம் செருப்பைப் பிடிக்க மறுத்தது. வாசற்படியில் தடுக்கி விழுந்தாள். வாதம் என்றார்கள் சிலர். யாரோ செய்வினை செய்துவிட்டார்கள் என்றார்கள் வேறு சிலர். எண்ணெய் பூசினார்கள், நூல் கட்டினார்கள். இரண்டு ஆண்டு கழித்துத்தான் மூளையைப் படம் பிடித்துப் பார்த்து நோயின் பெயரைச் சொன்னார்கள். அன்றிலிருந்து அவளுடைய தாயார் சொன்ன ஒரே வாசகம்: "நீ எந்திரிக்காதம்மா, நாங்க எல்லாத்தையும் பாத்துக்கிறோம்."

அன்பினால் சொல்லப்பட்ட வார்த்தைதான் அது. ஆனால் அந்த வார்த்தைதான் அவளைக் கட்டிலில் தள்ளியது என்பதே எனது கருத்து. இதை அந்தத் தாயாரைக் குறைகூறுவதற்காக எழுதவில்லை. எமது வீடுகள் பலவற்றில் இதே அன்பு இதே தவறைச் செய்துகொண்டிருக்கிறது என்பதற்காகவே எழுதுகிறேன்.

நோய் எது?

நோயின் பெயர் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். மூளையிலும் முள்ளந்தண்டிலும் ஓடும் நரம்பு இழைகளைச் சுற்றி, மின்கம்பியைச் சுற்றியுள்ள உறைபோல, கொழுப்பாலான ஓர் உறை உண்டு. உடலைக் காக்க வேண்டிய நோயெதிர்ப்புச் சக்தியே தவறுதலாக அந்த உறையைத் தாக்கி அரித்துவிடுகிறது. உறை கெட்ட இடத்தில் மூளையின் கட்டளை தாமதமாகப் போகிறது, அல்லது போகாமலே நின்றுவிடுகிறது. எந்த இடத்தில் தாக்கம் ஏற்படுகிறதோ அதற்கேற்பக் கண் மங்கலாம், கால் இழுபடலாம், உடல் தள்ளாடலாம், சிறுநீரை அடக்க முடியாமற் போகலாம், சொல்லமுடியாத களைப்பு வரலாம்.

1868இல் பிரான்ஸ் நாட்டு வைத்தியர் ஷார்கோ இந்நோயைத் தெளிவாக வரையறுத்தார். இன்று உலகில் ஏறத்தாழ 29 இலட்சம் பேர் இதனுடன் வாழ்கிறார்கள். பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள், அதாவது உழைக்கும் வயதில் இது தொடங்குகிறது. ஆண்களைவிடப் பெண்களையே கூடுதலாகத் தாக்குகிறது. இது தொற்றுநோய் அல்ல, செய்வினையும் அல்ல.

எங்கள் நாட்டில் இது அரிதான நோய்தானே, இதற்கு இத்தனை பக்கம் எதற்கு என்று வாசகர் கேட்கலாம். நியாயமான கேள்வி. அரிதானது என்பதாலேயே இந்நோயாளர்கள் யாருடைய கணக்கிலும் சேராமல் வீட்டுக்குள் மறைந்துபோகிறார்கள் என்பது எனது முதற் பதில். பாரிசவாதத்தால் ஒரு பக்கம் விழுந்தவர், மரத்திலிருந்து விழுந்து முள்ளந்தண்டு அடிபட்டவர், மூப்பினால் தள்ளாடுபவர் ஆகிய எல்லோருடைய வீட்டிலும் இதே "படுத்திரு" என்ற வார்த்தைதான் சொல்லப்படுகிறது என்பது இரண்டாவது பதில்.

ஓய்வு என்ற பழைய மருந்து

குடும்பத்தாரை மட்டும் குறைசொல்வதற்கில்லை. வைத்தியர்களே நெடுங்காலம் அப்படித்தான் சொன்னார்கள். 1890இல் ஊத்தோஃப் என்ற ஜேர்மன் கண் வைத்தியர், இந்நோயாளர் உடலை வருத்தி வேலை செய்த பின்னர் அவர்களுடைய பார்வை சிறிது நேரம் மங்குவதைக் கவனித்தார். உடற்சூடு ஏறும்போது, ஏற்கெனவே உறை கெட்ட நரம்பில் செய்தி செல்வது மேலும் தடைப்படுகிறது. உடல் குளிர்ந்ததும் பழைய நிலை திரும்பிவிடுகிறது. ஆயினும் உழைப்பு நோயை வளர்க்கிறது என்ற அச்சம் நிலைத்துவிட்டது. இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் நோயாளருக்கு ஓய்வே அறிவுரையாகக் கிடைத்தது.

1996இல் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் இந்த அச்சத்தைப் பரீட்சித்துப் பார்த்தார்கள். 54 நோயாளரை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு வாரத்தில் மூன்று நாள், தடவைக்கு 40 நிமிடம் என 15 வாரம் கையாலும் காலாலும் மிதிக்கும் பயிற்சி கொடுத்தார்கள். பயிற்சி செய்தவர்களுக்கு உடல் வலுக் கூடியது, மனச்சோர்வு குறைந்தது, நோய் மோசமாகவில்லை. 2014இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, நோய் திரும்பத் தாக்கியவர்கள் பயிற்சி செய்தோரில் 4.6 வீதம், செய்யாதோரில் 6.3 வீதம் எனத் தெரிந்தது. பயிற்சி நோயைக் கிளறிவிடும் என்பதற்கு ஆதாரம் இல்லை.

இதற்கு விளக்கம் எளியது. கால் தளர்ந்தவரின் பலவீனத்தில் இரண்டு பங்கு உண்டு. ஒரு பங்கு நரம்பு கெட்டதால் வந்தது. மறு பங்கு கால் சும்மா கிடந்ததால் வந்தது. பூட்டாமல் விட்ட எருது சில மாதத்தில் ஏர் இழுக்க மறுப்பதை நாம் கண்டிருக்கிறோம். முதற் பங்கை நாம் முழுதாக மீட்க முடியாது. இரண்டாவது பங்கை மீட்கலாம். "படுத்திரு" என்று சொல்லும்போது, நோய் எடுத்துக்கொண்டது போதாதென்று மிச்சத்தையும் நாமே எடுத்துக் கொடுக்கிறோம்.

36 மீற்றர்

பயிற்சியால் என்ன கிடைக்கும்? மிகைப்படுத்திச் சொல்லக் கூடாது. நோய் குணமாகாது. இழந்த ஓட்டம் திரும்பாது. 2015இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வின்படி, பயிற்சி செய்தவர்கள் 10 மீற்றர் நடக்கும் நேரம் சராசரியாக 1.76 செக்கன் குறைந்தது. ஆறு நிமிடத்தில் நடக்கும் தூரம் சராசரியாக 36 மீற்றர் கூடியது.

இவ்வளவுதானா என்று நகரத்தில் இருப்பவர் கேட்கலாம். குடியேற்றத்தில் வாழும் நாம் அப்படிக் கேட்கமாட்டோம். எமது வீடுகளில் மலசலகூடம் வீட்டுக்குள் இல்லை. பின்புறம், சரிவில் இருக்கிறது. கிணறு அதற்கும் அப்பால் இருக்கிறது. 36 மீற்றர் என்பது பல வீடுகளில் அடுப்படியிலிருந்து மலசலகூடத்துக்குள்ள தூரம். அந்தத் தூரத்தைத் தானாக நடக்கும் பெண், இருட்டும்வரை மகனின் வருகைக்காக அடக்கிக்கொண்டு காத்திருக்க வேண்டியதில்லை. மானம் என்று நாம் சொல்வது அதைத்தானே?

நடப்பது மட்டும் போதாது, விழாமல் நடக்கவும் வேண்டும். நான்கு நாடுகளைச் சேர்ந்த 500க்கு மேற்பட்ட இந்நோயாளரைக் கவனித்த ஓர் ஆய்வில், பாதிக்கு மேற்பட்டோர் மூன்று மாதத்துக்குள் ஒரு தடவையேனும் விழுந்திருந்தார்கள். ஒருமுறை விழுந்தவர் பயத்தால் நடையைக் குறைக்கிறார். நடை குறையக் கால் மேலும் பலவீனமாகிறது. பலவீனத்தால் மறுபடி விழுகிறார். இந்தச் சுற்றை அறுக்கத் தனியாகச் சமநிலைப் பயிற்சி தேவை.

வரம்பில் நடந்த கால்கள்

சமநிலைக்கு மூன்று சாட்சிகள் உண்டு: கண், உட்காது, பாதத்தின் உணர்வு. மூன்றும் சொல்வதை மூளை சேர்த்துப் பார்த்து உடலை நிறுத்துகிறது. பாதத்தின் உணர்வு மங்கியவர் கண்ணை நம்பி நிற்கிறார். அதனால்தான் விளக்கில்லாத இரவில் அவர் விழுகிறார். எஞ்சிய சாட்சிகளை நன்றாகப் பயன்படுத்த மூளையைப் பழக்குவதே சமநிலைப் பயிற்சி.

இயன்மருத்துவர் கற்பிக்கும் பயிற்சிகளில் ஒன்று, ஒரு காலின் விரல்களுக்கு முன்னால் மறு காலின் குதியை வைத்து ஒரே கோட்டில் நடப்பது. வயல்காரருக்கு இது புதிதா? வரம்பில் நடப்பது இதுவேதான். தலையில் சாப்பாட்டுக் கூடையுடன் ஈர வரம்பில் நடந்த எமது தாய்மார் நாள்தோறும் இந்தப் பயிற்சியைப் பெயர் தெரியாமலே செய்தார்கள். வயலைப் பறிகொடுத்தபோது வரம்பையும் பறிகொடுத்தோம். இப்போது அதைத் திண்ணையில் கரிக்கோடாக வரைந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

கரிக்கோடு என்று சொன்னேன். நோயாளி உண்மையான வரம்பில் ஏறிப் பார்க்கக் கூடாது. சுவரோரம், ஒருவர் அருகில் நிற்க, இப்படித் தொடங்கலாம்:

கதிரையிலிருந்து கையூன்றாமல் எழுந்து மெதுவாக உட்காருதல். முடியாவிட்டால் கையூன்றி எழுதல். மேசையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தித் தாழ்த்துதல். சுவரைத் தொட்டபடி பக்கவாட்டில் அடியெடுத்து வைத்தல். தாழ்வான ஒரு படியில் ஏறி இறங்குதல். பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் சில செக்கன் நிற்றல். இறுதியாகக் கரிக்கோட்டில் நடத்தல். ஒவ்வொன்றையும் ஐந்து தடவையில் தொடங்கி, வாரம் செல்லச் செல்லக் கூட்டலாம். இடையிடையே உட்கார்ந்து இளைப்பாறுவதில் வெட்கமில்லை.

வெயில் ஏறுமுன் காலையிலோ, பொழுது சாய்ந்த பின்னரோ செய்வது நல்லது. கழுத்தில் ஈரத்துணி, அருகில் தண்ணீர். கண் மங்கினாலோ கால் கனத்தாலோ நிறுத்தி, உடலைக் குளிரவிட வேண்டும். அடுத்த நாள்வரை களைப்பு நீங்காவிட்டால் செய்தது அதிகம் என்று பொருள், குறைத்துக்கொள்ள வேண்டும். ஒரு நாளுக்கு மேல் நீடிக்கும் புதிய தளர்ச்சியோ பார்வைக் குறைவோ வந்தால், அல்லது காய்ச்சல் இருந்தால், பயிற்சியை விட்டு வைத்தியரிடம் போக வேண்டும். எழுந்து நிற்க முடியாதவருக்கும் உட்கார்ந்து செய்யும் பயிற்சிகள் உண்டு. எவருக்கு எது பொருந்தும் என்பதை முதலில் ஓர் இயன்மருத்துவர் பார்த்துச் சொல்ல வேண்டும்.

"நாங்கள் நாள் முழுவதும் வேலைதானே செய்கிறோம், அது பயிற்சியில்லையா?" என்று கேட்பவர்கள் உண்டு. வேலை உடலைச் செலவழிக்கிறது. பயிற்சி உடலில் சேமிக்கிறது. வேலையில் பலமான காலே எல்லாப் பாரத்தையும் ஏற்கும். பலவீனமான கால் ஒதுங்கிக்கொள்ளும். பயிற்சியில் அந்த ஒதுங்கிய காலைத் தேடிப்பிடித்து வேலை கொடுக்கிறோம்.

திகனவுக்குப் போகும் வழி

திகனவில் அரசாங்கப் புனர்வாழ்வு வைத்தியசாலை இருக்கிறது. உயிரைக் காத்த பிறகு வாழ்வை மீட்பதற்கென ஒரு வைத்தியசாலை எமது மாவட்டத்தில் இருப்பது பெரிய காரியம். எழுவது, நிற்பது, நடப்பது, தானாக உண்பது ஆகியவற்றை மறுபடி கற்பிப்பதே இத்தகைய இடத்தின் வேலை. இருக்கிறது என்பதை அறியாத குடும்பங்களுக்கு இதை முதலில் சொல்ல வேண்டும்.

ஆனால் திகனவுக்கு அருகில் இன்று யார் வாழ்கிறார்கள்? 1985இல் திறக்கப்பட்ட விக்டோரியா அணையின் நீரில் பழைய தெல்தெனிய நகரமும் சுற்றியிருந்த வயல்களும் மூழ்கின. அங்கிருந்து எழுப்பப்பட்ட குடும்பங்களில் பல மஹியங்கனைப் பக்கம், மகாவலி 'சி' வலயத்துக்குப் போயின. அந்தக் குடும்பத்தில் ஒருவருக்கு இன்று கால் தளர்ந்தால், '18 வளைவு' என்று பெயர்பெற்ற மலைப்பாதையைப் பஸ்ஸில் ஏறிக் கடந்து, தங்கள் தந்தையர் விட்டுப்போன மண்ணுக்கே திரும்பிவர வேண்டும். நேராக உட்காரவே தள்ளாடும் ஒருவரை, துணைக்கு ஒருவரின் நாட்கூலியையும் இழந்து, அந்த வழியில் எத்தனை தடவை அழைத்துவருவது? சிகிச்சைக்குக் கட்டணமில்லை என்பது உண்மை. பயணத்துக்கும் இழந்த கூலிக்கும் கட்டணமுண்டு.

வைத்தியசாலையில் சில வாரம் கற்ற நடை வீட்டில் தொடராவிட்டால் மறைந்துவிடும். பயிற்சியின் பலன் பயிற்சி நடக்கும்வரைதான். எனவே வைத்தியசாலை ஒரு நாற்றுமேடை. நாற்று வளர வேண்டிய வயல் வீடும் ஊரும்தான். நாற்றுமேடையை மட்டும் அமைத்துவிட்டு வயலை மறந்தால் விளைச்சல் ஏது?

என்னுடைய உறவுப் பெண்ணை ஒரு வைத்தியசாலையிலிருந்து வீட்டுக்கு அனுப்பியபோது ஒரு தாளில் பயிற்சிகளை எழுதிக் கொடுத்தார்கள். அவளால் வாசிக்க முடியாத மொழியில் அது இருந்தது. படமும் இல்லை. அந்தத் தாள் ஓராண்டு சாமிப் படத்துக்குப் பின்னால் செருகிக் கிடந்தது. பின்னர் பாடசாலை ஆசிரியை ஒருவர் அதை வாசித்துச் சொல்ல, தங்கையின் மகள் குச்சி மனிதர்களாகப் படம் வரைந்து சுவரில் ஒட்டினாள். அன்றுதான் பயிற்சி தொடங்கியது. எட்டு மாதத்தின் பின் அவள் ஊன்றுகோலுடன் கிணற்றடிவரை போய்வருகிறாள். தண்ணீர் சுமக்க முடியாது. ஆனால் கிணற்றடியில் மற்றப் பெண்களோடு நின்று பேச முடிகிறது. அவளுடைய தாயார் இப்போது, "எந்திரிம்மா, வெயில் ஏறப்போவுது" என்கிறார்.

இது தயவல்ல

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 28ஆம் இலக்கச் சட்டம் 1996இல் நிறைவேறியது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சாசனத்தை இலங்கை 2016இல் ஏற்றுக்கொண்டது. அதன் 26ஆம் உறுப்புரை, புனர்வாழ்வுச் சேவைகள் மக்கள் வாழும் இடத்துக்கு இயன்றவரை அருகில், கிராமப்புறம் உட்படக் கிடைக்க வேண்டும் என்கிறது. அதே 2016இல் இந்தியா நிறைவேற்றிய சட்டத்தில் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நோய் பெயர் குறிப்பிட்டே சேர்க்கப்பட்டிருக்கிறது. ஆகவே நாம் கேட்பது தயவல்ல, ஏற்கெனவே ஒப்புக்கொள்ளப்பட்டது.

இந்நோயின் தாக்குதல்களைக் குறைக்கும் மருந்துகள் இன்று உண்டு. அவற்றுள் மூன்றை உலக சுகாதார நிறுவனம் 2023இல் அத்தியாவசிய மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது. அவை விலை கூடியவை; அவற்றுக்காகவும் குரல் கொடுக்க வேண்டும். ஆனால் மருந்து வரும்வரை காலைச் சும்மா போட்டிருக்க வேண்டியதில்லை. மருந்து வந்த பின்னரும் பயிற்சியின் இடத்தை அது பிடிக்காது.

அரசிடம் மூன்று கோரிக்கைகளை நாம் வைக்கலாம். குடியேற்றங்களுக்கு அண்மையிலுள்ள சிறிய வைத்தியசாலைகளுக்கு மாதத்தில் ஒரு நாளேனும் இயன்மருத்துவர் ஒருவர் வர வேண்டும். பயிற்சித் தாள்கள் தமிழிலும் சிங்களத்திலும் படங்களுடன் தரப்பட வேண்டும். இயன்மருத்துவப் பட்டப்படிப்பு நடக்கும் பேராதனைப் பல்கலைக்கழகம் எமக்கு அருகிலேயே இருக்கிறது. அங்கு கற்கும் மாணவர்கள் தமது பயிற்சிக் காலத்தில் சில வாரங்களைக் குடியேற்றக் கிராமங்களில் கழிக்க வழி செய்ய வேண்டும்.

எமது பங்கும் உண்டு. புதிய வீடு கட்டித் தருவோரிடம் மலசலகூடத்துக்குப் படியில்லாத பாதையும் ஒரு பிடிகம்பும் கேட்போம். மூங்கிலில் பிடிகம்பு கட்ட எந்தத் திட்டமும் தேவையில்லை. மகளிர் சங்கம் கூடும் நாளில், கால் தளர்ந்தவர்களையும் அழைத்து, கூட்டத்துக்கு முன் அரைமணி நேரம் எல்லோருமாகப் பயிற்சி செய்யலாம். தனியாகச் செய்யும்போது சலிப்பு வரும். சேர்ந்து செய்யும்போது ஒருவர் வராவிட்டால் மற்றவர் தேடுவார். கடிகாரத்தைப் பார்த்து, பத்து மீற்றர் கயிறு கட்டி, மாதம் ஒருமுறை நடையை அளந்து எழுதி வைக்கலாம். அடுத்த மாதம் ஒரு செக்கன் குறைந்திருந்தால் அதுவும் ஓர் அறுவடையே.

இன்று மாலை உங்கள் வீட்டில் கட்டிலில் இருப்பவரிடம் போங்கள். "படுத்திருங்க" என்று சொல்லாதீர்கள். கையைக் கொடுத்து, "எந்திரிங்க, திண்ணை வரைக்கும் போவோம்" என்று சொல்லுங்கள். நிலம் போனபோது எம்மால் தடுக்க முடியவில்லை. கால் போவதைச் சிறிதளவேனும் தடுக்க முடியும் என்று தெரிந்த பின்னரும் பார்த்திருப்போமா?